முகவாயில் நுரை

பதினெட்டு வருஷமாகக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டுதான் தமயந்தி முகவாய் மயிரைப் பிடுங்கிவந்தாள். புருஷன் சுந்தரேசனுக்குக்கூடத் தெரியாது. லேசரில் அதை ஒழித்துக்கட்டப் போன அன்றும், பழக்கதோஷத்தில் சுத்தமாகப் பிடுங்கிவிட்டுத்தான் போய் நின்றாள்.

“அய்யோ அக்கா, முடியோட கறுப்பப் புடிச்சுக்கிட்டுதான் வெளிச்சம் வேருக்கு எறங்கும். வேரோட புடுங்கிட்டு வந்தா எதச் சுடுறது? ஒரு மாசம் புடுங்காம, ஷேவ் மட்டும் பண்ணிட்டு வாங்க” என்றாள் லேசர்க்காரப் பெண்.

ஒரு வாரத்தில் மயிர் முள்முள்ளாக எட்டிப்பார்த்ததும், ஒரு காலை சுந்தரேசனின் ரேசரை எடுத்து முகவாயில் நுரை பூசிக்கொண்டாள். பதற்றத்தில் தாழ்போட மறந்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த சுந்தரேசன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

“அது பழைய பிளேடு, கீறிடும்” என்று புதிதாக ஒன்றை மாட்டிக்கொடுத்தார். பிறகு தன் கன்னத்திலும் நுரையைப் பூசிக்கொண்டு, “கொஞ்சம் தள்ளிக்கோ” என்றார்.

அந்த மாதம் முழுக்க ஒரே கண்ணாடியில் இரண்டு நுரை முகங்கள்.

மாதம் முடிந்து, லேசர் மேஜையில் கறுப்புக் கண்ணாடி மாட்டிப் படுத்திருந்தவளின் முகவாயில் வெளிச்சம் சுளீர் சுளீரென்று விழுந்தது.

“என்னக்கா, எல்லாரும் கத்துவாங்க. நீங்க சிரிக்கிறீங்க?”