சோடாக்கடையிலேருந்து பன்னெண்டு நிமிஷம்

"பாய், இது ஏழாவது எடம். இதுவும் வேண்டாம்னா நான் இந்த புரோக்கர் வேலையையே விட்டுருதேன்."

நான் சொன்னது சலாவுதீன் பாய் காதுல விழுந்த மாதிரியே தெரியல. கைக்கடிகாரத்தைப் பார்த்தாரு.

"பதினாறு நிமிஷம் ஆகுது அண்ணாச்சி. சரிப்படாது."

அஞ்சு வாரமா இதே கதைதான். தாராவில லெதர் பை தைக்கிற பட்டறை வச்சிருக்காரு. அந்தக் கட்டடத்தை இடிக்கப் போறாங்க. முப்பதாம் தேதிக்குள்ள காலி பண்ணி ஆகணும். பட்டறைக்கு வேற எடம் பாருங்கன்னு எனக்கு போன் போட்டாரு. ஒரே ஒரு கண்டிஷன்தான் சொன்னாரு.

"நடந்து போற தூரத்துல இருக்கணும்."

"எங்கேருந்து பாய்?"

"முக்குல சோடாக்கடை இருக்குல்லா, அங்கேருந்து. பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல போகப்படாது."

சோடாக்கடைக்குப் பின்னால சந்து. சரி, பாய் வீடு அந்தச் சந்துக்குள்ளதான் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அன்னைக்குப் பிடிச்சது சனி. எந்த எடத்தைக் காட்டினாலும் முதல்ல சோடாக்கடைக்கு வந்து நிக்கணும். அவரு கடிகாரத்தைப் பார்த்துட்டு நடக்க ஆரம்பிப்பாரு. அதுவும் எப்படி? ஊர்வலத்துல மாப்பிள்ளை கார் போற மாதிரி. நான் முன்னால போயி, திரும்பி நின்னு, அவரு வர்ற வரைக்கும் வெயில்ல காய்வேன்.

"மேப்புல ஏழு நிமிஷம்னு காட்டுது பாய்."

"மேப்பா வந்து நடக்கப் போகுது?"

மாஹிம் பக்கம் ஒண்ணு காட்டினேன். பத்தொன்பது நிமிஷம், வேண்டாம். செம்பூர்ல ஒண்ணு, வாசல் வரைக்கும் டெம்போ வரும், மழைத்தண்ணி ஏறாது. வந்து பாக்கக்கூட மாட்டேன்னுட்டாரு. அப்புறம் முலுண்ட்ல லிஃப்டோட, வாடகையும் கம்மியா, புத்தம் புது எடம் ஒண்ணு சொன்னேன்.

"முலுண்டா? ரொம்பத் தூரம்லா" அப்படின்னுட்டு டீயைக் குடிச்சாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் தெனமும் உல்லாஸ்நகர்லேருந்து லோக்கல் ட்ரெயின்ல தொங்கிக்கிட்டு வந்து சேருதேன். இந்த மனுஷனுக்கு மட்டும் படுக்கையிலேருந்து எந்திரிச்சு நாலு எட்டு வச்சா பட்டறை இருக்கணுமாம். முதலாளி பாருங்க, கால் நோகப்படாது.

எட்டாவதா ஒரு எடம். கடுப்புலதான் கூட்டிட்டுப் போனேன். தகரக் கூரை. டெம்போ உள்ள வராது, சரக்கைத் தலைச்சுமையா மெயின் ரோட்டுக்குக் கொண்டு போகணும். வாடகையும் ஜாஸ்தி.

பாய் அதே ஊர்வல நடை நடந்து வந்தாரு. கடிகாரத்தைப் பார்த்தாரு. அஞ்சு வாரத்துல முதல் தடவையா சிரிச்சாரு.

"பதினொண்ணு. இதான் அண்ணாச்சி நம்ம எடம்."

"மழைக்கு ஒழுகும் பாய்."

"தார்ப்பாய் போட்டுக்கிடலாம்."

"வாடகை கேட்டீங்களா?"

"என்ன செய்ய, குடுத்துத்தான் ஆகணும்."

எனக்கு அதுக்கு மேல பொறுக்கல. "நடக்கதுக்கு இவ்வளவு சோம்பலா பாய் உங்களுக்கு?" வாய்விட்டே கேட்டுட்டேன். அவரு கோவப்படல. நாளைக்கு வந்து அக்ரிமென்ட் எழுதச் சொன்னாரு.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய பட்டறைக்குப் போனேன். ஆறு மெஷின், ஆறு பொம்பளைங்க தைச்சுக்கிட்டிருந்தாங்க. பாய் ஆதார் கார்டை எடுத்து நீட்டினாரு. அட்ரஸை எழுதப் போன என் கை நின்னுருச்சு.

"பாய், இதுல முலுண்ட்னு போட்டிருக்கு. பழைய அட்ரஸா?"

"இல்லயே. இருபது வருஷமா அங்கதான இருக்கோம்."

"அப்ப சோடாக்கடைச் சந்துல?"

அவரு பதில் சொல்லுததுக்குள்ள பட்டறைச் சுவர்க் கடிகாரத்துல நாலு இருபது ஆச்சு. ஆறு மெஷினும் ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னுச்சு. பொம்பளைங்க எந்திரிச்சு செருப்பைப் போட்டாங்க. எல்லாருக்கும் பின்னால, பேராச்சின்னு ஒரு அம்மா, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எட்டு வச்சுப் போனாங்க. அந்த நடையை எங்கயோ பார்த்திருக்கோமேன்னு தோணுச்சு.

"வேலை நேரத்துல எங்க பாய் போறாங்க?"

"சோடாக்கடைச் சந்துலதான் ஆறு பேருக்கும் வீடு. குழாய்ல நாலரைக்குத் தண்ணி விடுவான், அஞ்சேகாலுக்கு நிறுத்திருவான். பகல்ல வீட்டுல வேற ஆள் கிடையாது. இவங்க போயிப் பிடிச்சு வச்சிட்டு வந்து மிச்சத்தைத் தைப்பாங்க. பட்டறை தூரமாப் போயிட்டா வேலையை விடணும், இல்லாட்டி தண்ணியை விடணும்."

"அந்த ஊர்வல நடை?"

"பேராச்சிக்கு முட்டு தேஞ்சு போச்சு அண்ணாச்சி. என் வேகத்துல அளந்தா அவ என்ன செய்வா?"

எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிடன்னு தெரியல. அதை மறைக்க எரிஞ்சு விழுந்தேன்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா பாய்?"

"சொன்னா நீங்க பத்துப் பேர்கிட்ட சொல்லுவீங்க. ஓனரு, இவனுக்கு வேற வழியில்லன்னு தெரிஞ்சுக்கிட்டு வாடகையை இன்னும் ஏத்துவான்."

அவரு சொன்னதும் நெசந்தான். நான் அட்ரஸை எழுதினேன். முலுண்ட் வெஸ்ட். ஆனாலும் மனசு கேக்கல.

"அது சரி பாய், முலுண்ட்லேருந்து நீங்க இந்தப் புது எடத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

பாய் கையெழுத்துப் போட்டுக்கிட்டே சொன்னாரு.

"அதை நான் அளந்து பாக்கலயே அண்ணாச்சி."