ஓட்டை விழாத வரி

ஈக்காட்டுத்தாங்கலில் கலீமுல்லா வெல்டிங் வைத்தால், பக்கத்துப் பட்டறையில் ஜானுவின் கம்ப்யூட்டருக்கு ரேடியோவில் வரும் செய்தி ஒரு துண்டு அப்படியே அழிந்துவிடும். சாந்தோம் கடலில் நிற்கும் தூர்வாரும் படகு அனுப்பும் செய்தி அது. கலீமுல்லாவின் மகன் ஆதிலுக்கு அந்தப் படகில்தான் வேலை.

ஜானு, படகில் எழுத்துகளைக் கலைத்து அனுப்பி இங்கே திரும்ப அடுக்கும்படி செய்தாள். பொறி பறந்தால் இப்போது வார்த்தைக்கு ஓர் எழுத்துதான் போகும். படித்துவிடலாம்.

"நீங்க பண்ற சேதத்தைப் பங்கு போட்டுட்டேன், பாய். எதுவும் முழுசா சாகாது."

தொண்ணூற்று நாலாம் வருஷப் புயலன்று படகிலிருந்து பேச்சே இல்லை. பயத்தில் கலீமுல்லா கை ஓயாமல் வெல்டிங் வைத்தார். சாயங்காலம் திரையில் வந்தது: 'ஆதில் பத்திரம்.' ஓர் எழுத்துகூட அழியவில்லை.

மறுநாள் ஆதில் கரையேறி வந்தான். "நாங்க எங்க அனுப்னோம் அத்தா? ரேடியோ செட்டு காலைலயே கடல்ல வுழுந்து பூட்ச்சு."

அந்த வரி இன்னமும் சாயங்காலம் வருகிறது. ஆதில் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் வருகிறது.

"நிறுத்திடட்டுமா பாய்?" என்றாள் ஜானு.

"நல்லதுதானேம்மா சொல்லுது. சொல்லிக்கினே இருக்கட்டும்."

அந்த வரியை அவர் பொறி ஒன்றும் செய்யாது. ஆனாலும் அது வரும் நேரத்தில் கலீமுல்லா வெல்டிங்கை நிறுத்தி, முகமூடியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்.