இயல்பு என்றது பட்டை

இருமுனை மனநோயுள்ள தன் கணவர் செல்வின், காலையிலிருந்து மூன்றாவது முறையாக வீட்டைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் பரிமளா. அவர் வாயில் பாட்டு ஒரு பக்கம், கண்ணில் நீர் ஒரு பக்கம்.

"நான் போய்ட்டா நீ நிம்மதியா இருப்ப" என்று சிரித்தார்.

அவர் கையிலிருந்த மனநிலைப் பட்டையோ பச்சையாகவே எரிந்தது. உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி வகுத்து, 'இயல்பு' என்று குறித்திருந்தது. அது சிவந்தால்தான் ஆம்புலன்ஸ் வரும்.

"நனைஞ்சிடும், குடுங்க" என்று அதைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். அவள் பதற்றத்தில் உடனே சிவந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பட்டையைப் பார்த்து அவளைப் பிடித்தார்கள்.

"எனக்கில்லைங்க, அவருக்குத்தான்!"

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. வாங்க."

வண்டியின் கதவு மூடும்போது, வாசலில் செல்வின் பாடிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.