ஸ்டால்கப்பின் நிரந்தர முகவரி

கோய் ஸ்டால்கப் சட்டைப் பையிலிருந்து ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து வரி அதிகாரியின் மேஜைமேல் வைத்தான். "எங்க அக்கா வீட்டு பாத்ரூம்ல இருக்கிறது மேடம். என்னோடது."

அதிகாரி கிம்ப்ரெல் அம்மாள் பேனா முனையால் அதைப் புரட்டிப் பார்த்தாள். "விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கே?"

"எதையும் புதுசு மாதிரியே வெச்சுக்குவேன் மேடம். சின்ன வயசுப் பழக்கம்."

கோய் ஒப்பந்த வெல்டர். சொந்த வண்டியில் வெல்டிங் மெஷினை ஏற்றிக்கொண்டு எண்ணெய்க் குழாய் போகிற ஊரெல்லாம் போவான். நார்த் டகோட்டாவில் நாலு மாதம், பென்சில்வேனியாவில் ஐந்து, மிச்சம் டெக்சாஸில். போன வருஷம் முந்நூற்றுப் பத்து ராத்திரி மோட்டல்களில் தங்கிய செலவையும் சாப்பிட்ட செலவையும் வருமானத்தில் கழித்துக் காட்டியிருந்தான். எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. எல்லாம் உண்மை.

இல்லாதது வீடு மட்டும்தான். வீடு இருக்கிறவன் வெளியூரில் தின்றால் அது தொழில் செலவு. வீடில்லாதவன் தின்றால் அது வெறும் தீனி. எங்கேயும் வாடகை கொடுக்காதவனுக்கு வெளியூர் என்ற ஒன்றே கிடையாது என்பது சர்க்காரின் ஞானம். கழிவு செல்லாமல் போனால் வரியும் அபராதமும் சேர்ந்து வண்டியைத் தின்றுவிடும். வண்டியில்லாத வெல்டரை எந்தக் குழாய்க் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது.

அதனால், ஓக்லஹோமாவில் இருக்கும் அக்கா வெர்லீன் வீட்டின் பின்னறையில் மாதம் முந்நூறு டாலர் வாடகைக்கு அவன் குடியிருப்பதாக ஒரு காகிதம். செக்கில் வாங்குகிற வாடகையை அக்கா கைக்காசாகத் திருப்பித் தந்துவிடுவதாகப் பேச்சு. இதுவரை திரும்பி வந்தது இரண்டு தட்டு சோளரொட்டி. பின்னறையில் நிஜமாகக் குடியிருந்தது, மான் கறி அடைத்த ஃப்ரீசர்.

காலையில் ஆபீஸ் வாசலில், வண்டிக்குள்ளேயே ஒத்திகை நடந்தது.

"அக்கா, அவ எதைக் கேட்டாலும் சரி, நான் உன் வீட்டோடதான் இருக்கேன்னு சொல்லு. நீ சொல்றது போதலைன்னா மேஜைக்கடியில உன் காலை மிதிப்பேன். உடனே இன்னும் ஒரு படி ஏத்திச் சொல்லிடு."

"பார்த்து மிதிடா, கால்ல ஆணி இருக்கு. சர்ச்சுல பியானோ வாசிக்கிறவளைப் பொய் சொல்ல வெக்கிறியே!"

"செக்கை வாங்கும்போது அந்தப் பியானோ எங்க போச்சு?"

இப்போது அதிகாரி கேட்டாள். "அந்த அறையில என்னென்ன இருக்கு?"

"கட்டில்" என்றாள் வெர்லீன். பூட்ஸ் லேசாக அழுத்தியது. "கட்டில், மெத்தை, மீன்பிடிப் போட்டியில அவன் ஜெயிச்ச கோப்பை. ஜன்னல் திரை நானே தெச்சது கண்ணு."

"தபால் எங்க வருது?"

"எங்க வீட்டுக்குத்தான்." அது ஒன்று நிஜம். அதனாலேயே கொஞ்சம் திணறிச் சொன்னாள்.

"வீட்டு வேலை ஏதாவது பார்ப்பாரா?"

"புல் வெட்டுவான்." பூட்ஸ். "பக்கத்து வீட்டுப் புல்லையும் வெட்டுவான்."

கிம்ப்ரெல் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் இதை நம்பியே வரலை. உங்களுக்கு வீடுன்னு ஒண்ணு இல்லைன்னு எழுதி ஃபைலை முடிச்சிடலாம்னுதான் வந்தேன். ஆனா அக்கா இவ்வளவு சொல்றாங்க. சரி, வீடு இருக்குன்னு ஒத்துக்கறேன்."

கோய்க்கு மூச்சு வந்தது. வண்டிக்கு நாலு புது டயர் போட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டான். பிரஷ்ஷை எடுத்துப் பையில் செருகினான். வெர்லீனோ பரிசு வாங்கிய குழந்தை மாதிரி கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தாள். சூடு பிடித்துவிட்ட வாய் அவ்வளவு சுலபமாக ஆறுமா?

"ஒரே ஒரு கேள்வி" என்றாள் அதிகாரி, கழிவுக் கணக்கு இருந்த தாளைத் திருப்பிக்கொண்டே. "உங்ககிட்டயே கேட்டுடறேன்மா. போன வருஷம் உங்க தம்பி எத்தனை ராத்திரி வெளியூர்ல தங்கினாரு?"

இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. கோய் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"வெளியூரா? இவனா?" வெர்லீன் சிரித்தாள். "எப்பவாவது ரெண்டு ராத்திரி, மூணு ராத்திரி இருக்கும் கண்ணு."

அதிகாரியின் பேனா முந்நூற்றுப் பத்து என்ற எண்ணின்மேல் போய் நின்றது.

மேஜைக்கடியில் கோய் தன் உடம்பின் மொத்த எடையையும் பூட்ஸில் இறக்கினான். சரியாக ஆணிமேல்.

வெர்லீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அவள் பேசிய பேச்சு மாறுகிறவள் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தம்பியைப் பாசத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள்:

"தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு. ஒரு ராத்திரிகூட இல்ல."