இரண்டு கரண்டி கீரை

காலையில் சமையலறைச் சுவரில் பதித்திருந்த உடல்நலக் கருவி பேசியது. "தணிகைவேல் ஐயா, உங்கள் ரத்த உறைவு அளவு, ஐஎன்ஆர், 1.6. குறைந்தது 2.5 இருக்க வேண்டும். ரத்தம் சீக்கிரம் உறைகிறது. இதயத்தின் செயற்கை வால்வில் ரத்தக்கட்டி வரலாம். டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். காரணம்: உங்கள் மாத்திரையை முறிக்கும் முருங்கைக்கீரை, இரண்டு கரண்டி."

மங்கை தோசையைத் திருப்பினாள். "நம்ம வீட்டுக்குள்ள கீரை நுழைஞ்சே வருஷமாச்சு."

"ஆபீஸ் கேன்டீன்ல போட்டாங்க."

"கேன்டீன்ல எவன் உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கான்?"

அவர் தோசைக்குத் தட்டை நீட்டினார்.

மங்கை அடுப்பை அணைத்தாள். வீட்டுப் பாகப்பிரிவினைச் சண்டைக்குப் பிறகு பேச்சே இல்லாத, கொல்லையில் முருங்கை மரம் வைத்திருக்கும் நாத்தனாருக்கு போன் போட்டாள்.

"செண்பகம், நான்தான். உங்கண்ணன் அடுத்த வாரமும் வருவாரு. கீரை வேணாம், கத்தரிக்காய் வை."