ஞாயிற்றுக்கிழமை விசாரிப்பு

கணவர் டெல்மர் இறந்தபின், அவர் சேர்த்து வைத்திருந்த பழைய சுவிஸ் ராணுவத் துப்பாக்கிகளை எல்லாம் ஒஹையோ துப்பாக்கிச் சந்தையில் விற்றுத் தீர்த்தாள் ரோவீனா. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் முன்பின் தெரியாத யாராவது ஃபோன் செய்கிறார்கள். நாலு பேரைத் திட்டி ஃபோனை வைத்துவிட்டாள். இவன் ஐந்தாவது.

“அம்மா, முழங்கால் வலி எப்படி இருக்கு?”

“என் முழங்கால் உனக்கெப்படிடா தெரியும்? ஏமாத்துற கும்பலா?”

“வெச்சிடாதீங்கம்மா. நான் கர்ட். உங்ககிட்ட துப்பாக்கி வாங்கினவன்.”

“அதுல ஏதும் கோளாறா?”

“இல்லம்மா. அந்தக் காலத்துச் சிப்பாய்ங்க துப்பாக்கிக் கட்டையோட அடியில இருக்குற தகட்டுக்குள்ள, ஒரு சீட்டுல பேர், ஊர் எழுதி வைப்பாங்க. எங்களை மாதிரி கிறுக்கனுங்க வாங்கினதும் முதல்ல அதைத்தான் கழட்டிப் பார்ப்போம்.”

“தெரியும். இந்த மனுஷனும் கடைசி வருஷம் பூரா அதைத்தான் கழட்டி மாட்டிக்கிட்டுக் கிடந்தார்.”

“உள்ள சிப்பாய் பேர் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் இந்த ஃபோன் நம்பரோட எழுதின சீட்டு இருந்தது. ‘ஞாயித்துக்கிழமை என் ரோவீனாவுக்கு ஃபோன் பண்ணுங்க. முழங்கால் வலியை விசாரிங்க. திட்டுவா, வெச்சிடாதீங்க.’”

திட்டி வைத்த அந்த நாலு பேரின் நினைப்பு வந்தது ரோவீனாவுக்கு.

“மொத்தம் எத்தனை துப்பாக்கிம்மா வித்தீங்க?”

“முப்பத்தொண்ணு” என்றவள், நாற்காலியை ஃபோன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முழங்காலா? அதை ஏன்ப்பா கேக்குற...”