மாத்தி வச்ச மாத்திரை

"கண்ண எங்கம்மா வச்சிருக்க? பெரியவருக்கு முதுகு செவந்து கெடக்கு. திருப்பிப் படுக்க வைக்கத் தெரியாதா? ஒரு நாளைக்கு நீயே அவர மேல அனுப்பிடுவ!"

வீடு வீடாப் போயி வயசானவங்களப் பாத்துக்கற நர்ஸக்கா, அந்த வீட்டு மருமகளத் திட்டிக்கிட்டே வாரத்துக்கான மாத்திரைய டப்பாவுல போட்டு மூடினாங்க. திட்டலைன்னா அவங்களுக்குக் கையே ஓடாது.

கட்டில்ல கெடந்த ரிட்டயர்டு கண்டக்டர்தான், "ரைட், ரைட், போலாம்!"னு வழியனுப்பி வச்சாரு.

அடுத்த தெரு. அங்க ஒரு சுகர் தாத்தா. அவருக்கு வாங்கின மாத்திரை அட்டைய நர்ஸக்கா பையிலேருந்து எடுத்தா, பாதி காலி!

பையக் கவுத்துத் தேடினாங்க.

எங்க போச்சு? கண்டக்டர் டப்பாக்குள்ள! சுகரே இல்லாத மனுஷன். மத்தியானச் சோத்தோட உள்ள போச்சுன்னா, படுத்தவரு எந்திரிக்கவே மாட்டாரே!

மருமகளுக்குப் போன் அடிச்சாங்க. எடுக்கல. மறுபடி அடிச்சாங்க. ம்ஹூம்.

ஸ்கூட்டியக் கண்டக்டர் வீட்டுப் பக்கம் திருப்பினாங்க. உசுரு போனா போலீசு. வேலை போனா வீட்ல அடுப்பு எரியாது. வண்டிய ஓரங்கட்டி, நர்ஸுங்கள வீடுகளுக்கு அனுப்பற ஆபீசுக்குப் போன் அடிச்சாங்க.

"மேடம், கண்டக்டர் வீட்டு மருமக மாத்திரைய மாத்தி வச்சுட்டா போல. ஓடிட்டிருக்கேன் மேடம்!"

கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. உள்ள கண்டக்டர் வாயப் பொளந்தபடி கெடக்காரு.

"அய்யா! அய்யா!"

அசைவே இல்ல. கன்னத்துல தட்டிப் பாத்தாங்க. சுகர் பாக்க விரல்ல ஊசி குத்தினதும்,

"யாரும்மா அது? வண்டி நிக்கறதுக்குள்ள எறங்குறது!"னு கண்ணத் திறந்தாரு. சுகரும் சரியா இருந்துச்சு.

நர்ஸக்கா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

மருமக ஈரக்கையோட வந்தா. "அந்தப் புது மாத்திரைய நான் கொடுக்கலக்கா. தெனம் கொடுக்கறவளுக்கு வித்தியாசம் தெரியாதா? எடுத்துத் தனியா வச்சுட்டேன். துணி அலசிட்டிருந்தேன், நீங்க கூப்பிட்டது கேக்கல."

போன உசுரு வந்துச்சு. கூடவே இன்னொரு பயமும் வந்துச்சு.

"ஆபீஸ்லேருந்து... போன் வந்துச்சா?"

"குழாய மூடினதும் வந்துச்சு, எடுத்தேன். மாத்தி வச்சது நான்தான்னு நீங்க சொன்னீங்களாமே?"

மருமக நர்ஸக்காவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டா.

"நானும் ஆமா, நான்தான்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். எனக்கு இந்த வேலை எப்படியும் போகப் போறதில்லக்கா. உங்களுக்குப் போயிடும்ல?"